என்ன புதினம்?

யாழ்ப்பாணத்தவர் இருவர் வழியிற் சந்தித்தால், சுகம் விசாரித்த பின் எழும் முதல் வினா ‘என்ன புதினம்?’ என்பதாகும். புதிய செய்தி ஏதும் உண்டோ என்பதே அதன் பொருள். இலக்கியக்காரராகிய நாம் அதே சொல்லை எடுத்து, அட்டை கட்டி விற்கப்படும் நீண்ட உரைநடைக் கதைக்குச் சூட்டியிருக்கின்றோம். புதிது என்னும் ஒரே வேரினின்றே இரண்டும் முளைத்தன. ஆயினும் படலையடியில் நின்று கேட்கப்படும் புதினத்துக்கும், நூலகத்தில் இரவல் பெறப்படும் புதினத்துக்கும் இடையே நம் நாட்டில் உயர்ந்த மதிலொன்று நிற்கின்றது. அம்மதிலைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்படுகின்றேன்.

அயலார் கூடிப் பேசும் பேச்சை நாம் மதிப்பதில்லை. அதற்கு நாம் இட்டு வழங்கும் பெயர்களே இதற்குச் சான்று. விடுப்பு என்கின்றோம், ஊர்வம்பு என்கின்றோம், அலட்டல் என்கின்றோம். படித்தவர் பேசினால் அது கருத்துப் பரிமாற்றம்; சந்தையில் மீன் வாங்கும் பெண்கள் பேசினால் அது வம்பளப்பு. பேசப்படும் பொருள் ஈரிடத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதை நான் கண்டிருக்கின்றேன். இலக்கியக் கூட்டம் முடிந்தபின் மண்டப வாயிலில் நிகழும் உரையாடலைச் செவிமடுத்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.

நம் பழம்புலவர்கள் இந்த இளக்காரம் அறியாதவர்கள். அம்பல், அலர் என இரு சொற்களை வைத்து அவர்கள் ஊர்ப்பேச்சை அளந்தார்கள். சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலரறிய விரிந்துவிடுவது அலர். மொட்டுக்கும் மலருக்கும் உள்ள வேறுபாட்டை மனிதர் வாய்ச்சொல்லிற் கண்ட நுட்பம் அது. திருக்குறளின் 115ஆம் அதிகாரம் முழுவதும் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அகப்பாடல்களிலே களவொழுக்கம் கற்பாக மாறுவதற்கு ஊரார் வாயும் ஒரு காரணமாகின்றது. நன்றாயினும் தீதாயினும் ஊர்ப்பேச்சு ஒரு விசை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அந்த விசை இன்று நம் நகரத்தில் எவ்வாறு இயங்குகின்றது, அதனை யார் எழுதி வைக்கின்றனர் என்பனவே என் கேள்விகள்.

நான் அறிந்த வெள்ளவத்தையை எடுத்துக்கொள்கின்றேன். கொழும்பு மாநகரின் தென்புறத்தே, காலி வீதியை முதுகெலும்பாகக் கொண்டு கிடக்கும் பகுதி அது. அவ்வீதியிலிருந்து மேற்கே பிரியும் ஒழுங்கைகள் கரையோரத் தண்டவாளத்திலும் அதற்கப்பால் அலையிலும் சென்று முடிகின்றன. பல ஒழுங்கைகளுக்கு நெடுங்காலம் இலக்கமே பெயராக இருந்தது. முறையான பெயர் வந்தபின்பும் மக்கள் இலக்கத்தை விடவில்லை. 1942இல் தொடங்கப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு வழி கேட்பவர்களுக்கு 57ஆம் ஒழுங்கை என்றே இன்றும் சொல்லப்படுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தோரும், வணிகத்துக்கு வந்தோரும், பின்னர் போரினால் இடம்பெயர்ந்து வந்தோரும் அடுக்கடுக்காகக் குடியேறியமையால் இதனைச் சின்ன யாழ்ப்பாணம் என்பாரும் உளர். அப்பெயர் முழு உண்மையன்று. சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் இல்லாத வெள்ளவத்தை என்றும் இருந்ததில்லை.

விடிந்து சற்று நேரத்தில் ஒழுங்கைக்குள் ஒரு முச்சக்கர வண்டி நுழைகின்றது. பின்புறத்திற் கண்ணாடிப் பெட்டி. அதனுள் பாணும் பணிசும். ஒலிபெருக்கியிலிருந்து பேத்தோவன் என்ற ஜேர்மன் இசைமேதையின் பியானோத் துணுக்கொன்று ஓயாது ஒலிக்கின்றது. சூன் பாண் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். மேல்நாட்டுச் சங்கீதத்தைக் காசு கொடுத்துக் கேட்டறியாத ஒழுங்கைகளிலும் அந்த மெட்டை முணுமுணுக்காத குழந்தை இல்லை. படலைகள் திறக்கின்றன. பாண் வாங்கும் நேரம் இரண்டு நிமிடம். பேச்சு நேரம் இருபது நிமிடம்.

‘அக்கா, உங்கட பக்கம் தண்ணி வருதோ?’

‘விடியப்புறம் நாலு மணிக்குச் சொட்டுச் சொட்டாய் வந்தது, பிள்ளை. இப்ப நூல்மாதிரி.’

‘அங்க சந்தியில பைப் உடைஞ்சிருக்கு நோனா. நேத்தே நான் சொன்னேன் தானே’ என்று பாண்காரர் இடையிற் புகுகின்றார்.

அவ்வளவுதான். ஆயின் அந்த மூன்று வாக்கியத்தில் ஒரு நகரப் பகுதியின் நிலைவரம் அடங்கிவிட்டது. நீர் எந்நேரம் வந்தது, எவ்வளவு வந்தது, ஏன் குறைந்தது, உடைப்பு எங்கே என்பன யாவும் வெளிவந்துவிட்டன. எந்தக் கந்தோரின் அறிவித்தலும் அந்நேரத்துக்கு அவ்வளவு துல்லியமாக வந்து சேர்வதில்லை. தண்ணீரை அடுத்து வடிகான், அதனையடுத்து நுளம்பு. எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், எத்தனையாம் நாள், இரத்தப் பரிசோதனை முடிந்ததா என்பவற்றை விசாரிப்பது வெறும் விடுப்பென்று எண்ணுவோர் 2017ஆம் ஆண்டை மறந்தவர்கள். நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயால் பீடிக்கப்பட்ட ஆண்டு அது. அவ்வாண்டில் பக்கத்து வீட்டுக் காய்ச்சலைக் கேட்டறிவது தன் வீட்டைக் காப்பதாயிற்று. பின்னர் முதலாம் வகுப்பு அனுமதி: பாடசாலைக்கு யார் வீடு எவ்வளவு அண்மையில், யார் கையில் எந்த ஆண்டின் வாக்காளர் இடாப்புப் பிரதி இருக்கின்றது என்பன. பின்னர் வாடகை. பின்னர் வெளிநாட்டு விசா. பின்னர்தான், பாணுக்காரர் போனபின் குரலைத் தாழ்த்தி, மூன்றாம் வீட்டுச் சம்பந்தப் பேச்சு ஏன் குழம்பியது என்ற ஆராய்ச்சி. அதனையும் நான் தள்ளமாட்டேன். சீதனத்தின் இன்றைய விலை என்ன என்பதை எந்தப் புள்ளிவிவரத் திணைக்களமும் வெளியிடுவதில்லை.

மேலே நான் காட்டிய உரையாடலில் மூவர் பேசினர்; ஒரே தமிழை இரு வண்ணத்திற் பேசினர். சற்றே நின்று கேட்டால் மூன்றாம், நான்காம் வண்ணங்களும் வந்து சேரும். மலையகத்திலிருந்து வந்து கடையில் நிற்கும் இளைஞர் ‘என்னாங்க’ என்பார். மீன் கொண்டு வரும் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் ‘நானா’ என்று அழைப்பர். மட்டக்களப்புப் பெண் ‘மறுகா’ என்று தொடர்வாள். சிங்களத்துச் சொற்கள் உப்புப்போல ஊடே கரைந்திருக்கும். இவற்றிடையே வாழ்பவர் தம்மையறியாமலே எதிரிலுள்ளவருக்கு ஏற்றபடி தம் தமிழை மாற்றிக்கொள்கின்றனர். கொழும்பு அயலில் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை ஒரே மணித்தியாலத்தில் நான்கு தமிழ் பேசுவதை நான் கேட்டிருக்கின்றேன். மொழியியல் மாணவர்களுக்கு இதனிலும் சிறந்த ஆய்வுகூடம் வேறில்லை.

இதனை நம் எழுத்தாளருக்கு முன்பே இனங்கண்டவர்கள் வானொலிக்காரர்கள். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம் ஒலித்த காலத்தில், மரைக்காரின் தமிழும், ஐயரின் தமிழும், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழும், உபாலியின் சிங்களம் தோய்ந்த தமிழும் ஒன்றோடொன்று மோதிச் சிரிப்பை விளைவித்தன. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. நகைச்சுவை என்று சொல்லி அதனை ஒதுக்கிவிட்டோம். நகைச்சுவைக்கு அப்பால், இந்நால்வரும் ஓர் ஒழுங்கையில் அயலவராக வாழத்தக்கவர்கள் என்று அந்நாடகம் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அடுத்த பத்தாண்டுக்குள் என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்வேன்.

எழுத்துலகில் நிகழ்ந்தது வேறு. படைப்பிலக்கியத்தில் பேச்சு வழக்கு இடம்பெறலாமா என்பது குறித்து 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் மரபுப் போராட்டம் என்ற பெரும் விவாதம் மூண்டதை இப்பகுதியின் வாசகர்கள் அறிவார்கள். இழிசனர் வழக்கு என்று பண்டிதருள் ஒருசாரார் பழித்தனர்; கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் மக்கள் மொழியின் பக்கம் நின்றனர். வென்றவர் யார் என்பது இன்று வெளிப்படை. வேலியும் பனங்கூடலும் வயலும் வாவியும் தேயிலைக் கொழுந்தும் தத்தம் தமிழோடு கதைக்குள் வந்துவிட்டன. அந்த வெற்றியின் பயன் தலைநகரத்து ஒழுங்கைகளுக்கு அதே அளவில் வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். கொழும்பிலே முப்பது ஆண்டு வாழ்ந்தவர்கூட, பேனாவைத் தொட்டதும் பிறந்த கிராமத்துக்குப் போய்விடுகின்றார். இப்பகுதிக்கு வரும் சிறுகதைகளில் காலி வீதி வருமாயின், அது பெரும்பாலும் பேருந்தில் ஏறுவதற்காகவே வருகின்றது. ஊரை நினைந்து ஏங்குவது தவறன்று. ஏக்கத்துக்குரிய ஊர் ஒன்று, தண்ணீர் வராத ஊர் இன்னொன்று என்றாகிவிட்டால் இரண்டாவதை எவர் எழுதுவது?

எழுதாமல் விடுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். இதற்கு விடை ஒழுங்கைப் பேச்சின் நித்திய விடயமாகிய குப்பையிலேயே இருக்கின்றது. குப்பை வண்டி வந்ததா, வரவில்லையா, உக்குவதையும் உக்காததையும் பிரித்து வைக்காமையால் விட்டுவிட்டுப் போனார்களா என்பது அன்றாடப் பேச்சு. வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனபின் பேச்சு முடிந்துவிடும். வண்டி எங்கே போனது என்பது அடுத்த அயலின் பேச்சு. நெடுங்காலம் அது வடகொழும்பில் புளுமெண்டல் மேட்டுக்குப் போயிற்று. அம்மேட்டை அண்டி வாழ்ந்த கொட்டாஞ்சேனைப் பகுதி மக்கள் நாற்றத்தையும் புகையையும் பற்றிப் பேசிப் பேசி அலுத்தனர். 2009ஆம் ஆண்டளவில் அந்த மேடு மூடப்பட்டபோது அவர்களுடைய பேச்சு ஓய்ந்தது, குப்பை ஓயவில்லை. அது கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லைக்குத் திரும்பியது.

மீதொட்டமுல்லைவாசிகள் என்ன பேசினார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காக அவர்கள் வீதியில் இறங்கிச் சத்தமிட்டார்கள். மேடு வளர்கின்றது, நிலம் பொருமுகின்றது, மழைக்குக் கரிய நீர் முற்றத்துக்கு வருகின்றது என்றார்கள். அது அயலாரின் முறைப்பாடு. அதாவது, பெரிய இடத்து மொழியில், ஒரு தொல்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, தமிழ் சிங்களப் புத்தாண்டு நாளன்று, பிற்பகலில் அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் வல்லுநர்கள் வந்தனர், அளந்தனர், அறிக்கை எழுதினர். வீட்டு வாசலில் நின்று பெண்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டவற்றுள் எத்தனையோ, கலைச்சொல் பூண்டு, அவ்வறிக்கைகளில் இடம்பெற்றன. 2019இல் கொழும்பின் குப்பை புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்குப் புறப்பட்டது. அதற்கு முன்பே புத்தளத்து மக்கள் தெருவிலே நின்றார்கள். ஓர் அயலின் புலம்பல் இன்னோர் அயலுக்கு இடம் மாறியதைத் தவிர வேறென்ன நடந்தது? இந்தத் தொடரை, புளுமெண்டலிலிருந்து அருவக்காடு வரை, ஒரு தமிழ்ப் புதினமாக எழுதத் துணிபவர் உண்டாயின், அவருக்குக் கற்பனை மிகச் சிறிதளவே தேவைப்படும்.

இன்னோர் எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தது. 2021இன் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் சமையலறைகளில் எரிவாயு வெடித்தது. செய்தித்தாளில் அது தலைப்பாக வருவதற்கு முன், அடுப்பு வழமைபோல் எரியவில்லை, இணைப்பிலே சீறல் கேட்கின்றது, மணம் முன்னையதுபோல் இல்லை என்று ஒழுங்கையிலே பேச்சு. சிலிண்டரை முற்றத்துக்கு எடுத்துவிட்டு விறகுக்கு மாறிய அயலவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தனர். பின்னர் சனாதிபதி நியமித்த குழு, வாயுக் கலவையில் நிகழ்ந்த மாற்றத்தைக் காரணமாகக் காட்டியது. சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டனர்.

இவ்வளவு சொன்னதும், அயலார் வாயெல்லாம் அறிவு என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டாம். அதே வாய் கொன்றும் இருக்கின்றது. 1983 யூலை 25ஆம் திகதி வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெறியர் சிலர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினர் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டிருக்கின்றது. இடாப்பு இல்லாதவிடத்து, எந்த வீடு எவருடையது என்று கைகாட்டுவதற்கு ஒரு வாய் போதுமாயிருந்தது. நான்கு நாட்களின் பின், யூலை 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, கலவரம் தணிந்துவரும் வேளையில், கோட்டையிலும் புறக்கோட்டையிலும் ஒரு வதந்தி பரவியது: புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. வதந்தி மட்டும் வந்தது. மக்கள் பீதியில் ஓடினர். ஓடியவர் திரும்பி நின்றபோது மீண்டும் கொலை தொடங்கியது. காலையில் அம்பலாகத் தொடங்கிய ஒன்று நண்பகலுக்குள் அலராகி அன்றே உயிர் குடித்தது.

ஆனால் அதே யூலையில், அதே ஒழுங்கைகளில், தமிழ்க் குடும்பங்களைத் தம் அறைகளுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, படலையடியில் நின்று ‘இங்கே எவருமில்லை’ என்று சொன்ன சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பாண் வாங்கும்போது பேசிய பேச்சினாலேயே பக்கத்து வீட்டில் எத்தனை பேர், கிழவிக்கு என்ன வருத்தம், பால்குடிப் பிள்ளை எந்நேரம் அழும் என்பதெல்லாம் அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்ததைச் சிலர் சொல்லிக் கொடுத்தனர். சிலர் சொல்லாது காத்தனர். கைகாட்டியவரும் வாய்மூடியவரும் அயலவரே. வானொலி நாடகம் கொண்டிருந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்று மேலே கேட்டேன். அது அந்த நாட்களில் படலைக்குப் படலை வெவ்வேறு விடை பெற்றது.

பின்னர் வந்த போர்க்காலத்தில் ஒழுங்கை தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. வீட்டில் தங்குவோர் விவரத்தைப் பொலிஸில் பதியவேண்டிய காலம் அது. விருந்தாளி வந்தால் ‘ஆர் வந்திருக்கினம்?’ என்ற கேள்வியை அன்பாற் கேட்டாலும் அச்சத்தோடு கேட்கவேண்டியிருந்தது. அதற்கு மறுமொழி சொல்பவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தே சொன்னார். 2007 யூன் 7ஆம் திகதி விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேல் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்று காலை விடுதிகளின் எதிர்ப்புறத்து வீடுகளில் என்ன பேசப்பட்டது? திறந்த யன்னல்கள் எத்தனை, மூடிய யன்னல்கள் எத்தனை? வழக்கு ஏட்டில் அவை இல்லை. அவற்றை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே உயிரோடு இருக்கின்றனர், மூப்படைந்து வருகின்றனர்.

இன்று குரலைத் தாழ்த்தச் சொல்வார் இல்லை. ஆனால் பேசுவதற்கு இடமில்லை. வெள்ளவத்தையின் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகளாக எழுந்து நிற்கின்றன. முற்றத்தில் மாமரம் நின்ற இடத்தில் மோட்டார் வண்டி நிற்கின்றது. ஹவ்லொக் வீதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இயங்கிய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் நிலத்திலும் இன்று உயர்மாடிகளே நிற்கின்றன. 1933இல் அந்த ஆலையில் மூண்ட வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வரலாற்றில் இடம்பெற்றது. ஆலைத் தொழிலாளர் என்ன மொழியில், எந்தத் தேநீர்க்கடை வாங்கில் இருந்து அந்தப் போராட்டத்தைப் பேசித் தீர்மானித்தனர் என்று கேட்டால் சொல்வதற்கு இன்று யார் உளர்? ஆலையும் போயிற்று, வாங்கும் போயிற்று, பேச்சும் போயிற்று.

தொடர்மாடிக்காரரை நான் பழிக்கவில்லை. நிலத்தின் விலை அப்படி. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குப் பாதுகாப்பான இடம் தேடுவதும் நியாயமே. ஆயின் லிஃப்ட் என்ற பெட்டியில் பேச்சு வளர்வதில்லை. எல்லோரும் இலக்கத் தகட்டையே பார்த்துக்கொண்டு ஏறுகின்றனர். படலையில் இருபது நிமிடம் நின்றவருக்கு இங்கே இருபது விநாடி கிடைக்கின்றது. முகாமைத்துவக் குழுவினர் அறிவித்தற் பலகையில் ஒட்டும் கடதாசியே அயலின் குரலாகிவிட்டது. தண்ணீர் நிறுத்தப்படும், வண்டியை இங்கே நிறுத்தாதீர், பால்கனியில் உடுப்புக் காயவிடாதீர். கைத்தொலைபேசியில் குழு அமைத்திருக்கின்றார்கள். அங்கே காலை வணக்கமும் பூப்படமும் வருகின்றன. ஐந்தாம் மாடியில் ஒரு முதியவர் இறந்து மறுநாள்தான் ஆறாம் மாடிக்குத் தெரிந்தது என்பதுபோன்ற செய்திகளைக் கேட்டு நாம் வியப்பதையும் நிறுத்திவிட்டோம்.

இந்நிலை ஒருமுறை, சில மாதங்களுக்கு, தலைகீழானது. 2022இல் நாட்டின் கருவூலம் வெறுமையாகி, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது லிஃப்ட் நின்றது. ஒன்பதாம் மாடிக்காரரும் இரண்டாம் மாடிக்காரரும் ஒரே படிக்கட்டில் மூச்சு வாங்கினர். இருட்டிலும் புழுக்கத்திலும் வீட்டினுள் இருக்க முடியாமல் ஒழுங்கைக்கு இறங்கினர். கதிரைகள் வெளியே வந்தன. எரிவாயு வரிசையில் விடியப்புறத்தில் நின்றவர்கள், பல ஆண்டு ஒரே கட்டிடத்தில் வாழ்ந்தும் அறியாத பெயர்களை அங்கே அறிந்தனர். ‘அங்கிள், உங்கட இடத்தை நான் பாத்துக்கொள்ளுறன், போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ’ என்ற ஒரு வாக்கியத்தில் ஓர் உறவு பிறந்தது. எங்கே மண்ணெண்ணெய், எங்கே பால்மா, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு என்ற செய்தி வாய்க்கு வாய் ஓடிற்று. பொய்யும் ஓடிற்று, பொய் நம்பி ஏமாந்து திரும்பியவர்கள் உண்டு. ஆயினும் அந்த நாட்களில் அயலறியாது பட்டினி கிடந்தவர் தொகை குறைவாகவே இருந்திருக்கும் என்று நம்புகின்றேன். மின்சாரம் மீண்டது, கதிரைகள் உள்ளே போயின. அம்மாதங்களைப் பற்றி நம்மவர் எழுதிய கவிதைகள் பல என் மேசைக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் நாடு இருந்தது, தலைவர்கள் இருந்தனர், சாபங்கள் இருந்தன. வரிசையில் முன்னே நின்றவர் பின்னே நின்றவரிடம் என்ன சொன்னார் என்பது இல்லை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு சொல். ‘எனது நகர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் காலிமுகத் திடலையும் துறைமுகத்தையும் தாமரைக் கோபுரத்தையும் எழுதுகின்றனர். அது அவர்கள் குற்றமன்று. மாதிரிக் கட்டுரை அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கின்றது. தம் ஒழுங்கையில் வடிகான் எந்தப் பக்கம் ஓடுகின்றது என்று கேட்டால் விடை தெரியாத மாணவன், உலகின் நீளமான நதியின் பெயரை ஒப்புவிக்கின்றான். ஒரு வாரம், ஒரேயொரு வாரம், தம் வீட்டு வாசலிலோ மாடிப் படியிலோ கடைத் திண்ணையிலோ கேட்ட பேச்சைக் கேட்டபடியே எழுதி வரச் செய்யுங்கள். எழுத்துப் பிழை திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள். ‘வந்தவையள்’ என்று பாட்டி சொன்னால் அது ‘வந்தார்கள்’ ஆக வேண்டியதில்லை. ‘வந்தாங்க’ என்று கடைக்காரத் தம்பி சொன்னால் அதுவும் அப்படியே இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வோருக்கும் இதுவே. ஆய்வுக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று வருந்துவோர், தாம் தங்கியிருக்கும் விடுதியின் கீழுள்ள தேநீர்க்கடையில் அரைமணி இருந்து பார்க்கலாம்.

எழுத்தாளர்களுக்குச் சொல்வதற்குச் சற்றுக் கூச்சம். அவர்கள் என்னினும் நன்கறிந்தவர்கள். ஒன்று மட்டும் கேட்பேன். 1983ஐப் பற்றி எரிந்த வீடுகளின் கதை நம்மிடம் உண்டு. ‘இங்கே எவருமில்லை’ என்று படலையடியிற் பொய் சொன்ன அயலவரின் வீட்டுக்குள், அடுத்த நாட் காலையில், கணவனும் மனைவியும் தமக்குள் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எழுதியவர் எத்தனை பேர்?

அடுத்த மாதம் முதல் இப்பகுதியில் அரைப்பக்கம் இதற்கென ஒதுக்கப்படுகின்றது. மாணவர், ஆசிரியர், இல்லத்தரசிகள், கடைக்காரர் எவரும் எழுதலாம். கொழும்பு என்ற வரையறை இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, கண்டி என எந்த நகரத்து அயலாயினும் சரி. நானூறு சொற்களுக்கு மேற்படாதிருத்தல் நன்று. உண்மையிற் கேட்ட பேச்சாக இருக்கவேண்டும். ஆட்களின் பெயரை மாற்றிவிடுக. மூன்றாம் வீட்டாரைப் பழிதீர்க்க எழுதப்படுவன ஏற்கப்படமாட்டா. கடதாசியின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரத்தில் இடம் விட்டு எழுதியனுப்புக. கைத்தொலைபேசியிலே தட்டெழுதி அனுப்புவோர், அது தானாகத் திருத்தி வைக்கும் சொற்களை மீண்டும் பேச்சுக்குத் திருப்பிவிட்டு அனுப்புதல் வேண்டும்.